சிவப்புத் தரையில் உருளும் நாற்காலி: எந்த மேட் தாங்கும்?

நீங்கள் கேட்டிருப்பது இது. சேலம் அம்மாபேட்டையில் தாத்தா காலத்து வீடு, கீழ்த்தளம், சிவப்பு சிமெண்டில் இழைத்த ரெட் ஆக்சைடு தரை. மூன்று வருடமாக வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, நாளுக்கு எட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலியில். நாற்காலிக்கு அடியில் விரிக்க முதலில் வாங்கிய பிளாஸ்டிக் மேட் ஒரே கோடையில் குழி விழுந்து தரையோடு ஒட்டிக்கொண்டது. அடுத்து இரண்டு மடங்கு விலை கொடுத்து ஒரு கெட்டி மேட் வாங்கினீர்கள். அது வழுக்குகிறதே என்று அடியில் பவானி ஜமக்காளத்தை விரித்தீர்கள். எட்டே மாதத்தில் ஓரத்தில் தொடங்கிய விரிசல் நடுவரை ஓடிவிட்டது. வருடத்தில் இரண்டு மாதம் ஏற்காட்டில் மாமா வீட்டு மரத்தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால், அங்கேயும் அதே மேட்டைக் கொண்டுபோக முடியுமா, கண்ணாடி மேட் சரிப்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "பத்து வருஷம் உழைக்கிற மேட் எது, பெயரை மட்டும் சொல்லுங்க போதும்" என்று முடித்திருக்கிறீர்கள்.

பெயர் சொல்லப் போவதில்லை. நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "மேட் போனாப் போகுது, தரை வீணாகக் கூடாது" என்று, அதைத்தான் உங்கள் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் சொல்ல மேட்டைவிட அதற்கு மேலே உருளும் சக்கரத்தையும் கீழே கிடக்கும் தரையையும் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தேன். சில வருடம் ஷீட் இழுக்கிற தொழிற்சாலையில் வேலை. அதன்பின் இருபது வருடத்துக்கு மேலாக சேலத்தில் ஆபீஸ் நாற்காலி சர்வீஸ்: வீல் மாற்றுவது, உயரத்தை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் மாற்றுவது, ஐந்து கால் பிரியும் அடிப்பாகமான பேஸ் உடைந்தால் மாற்றுவது. ஆகவே பிளாஸ்டிக், சக்கரம் இரண்டையும் பற்றி நான் சொல்வதை அப்படியே நம்பலாம். தரை விஷயத்தில் நான் கொத்தனார் கிடையாது. வீடு வீடாகப் போய் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உங்கள் தரையை நேரில் பார்க்கவும் இல்லை. எந்த இடத்தில் உறுதியாகச் சொல்கிறேன், எந்த இடத்தில் என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன் என்று அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

இரண்டாவது மேட்டிலிருந்து தொடங்குகிறேன், அதில் சந்தேகமே இல்லை என்பதால். அதை உடைத்தது ஜமக்காளம். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் அது பாலிகார்பனேட் மேட்: கண்ணாடி மாதிரி தெளிவு, சுருட்ட வராது, தட்டினால் கணீரென்று சத்தம். போலீஸ்காரர்கள் பிடிக்கிற தெளிவான கேடயம், பழைய சிடி எல்லாம் இதே சரக்குதான். சுத்தியலால் ஓங்கி அடித்தாலும் சட்டென்று உடையாது. ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை சிறிது சிறிதாக வளைந்து நிமிர்ந்தால் களைத்துப்போகும். ஓரத்தில் வெட்டுக்காயமோ ஆழமான கீறலோ இருந்தால் விரிசல் அங்கேயிருந்து கிளம்பும். உங்கள் எடையை 80 கிலோ, நாற்காலியை 15 கிலோ என்று வையுங்கள். 95 கிலோவை ஐந்து கால்கள் சமமாகத் தாங்கினால் காலுக்கு 19 கிலோ. ஆனால் யாரும் சமமாக உட்காருவதில்லை. பின்னால் சாய்ந்து சோம்பல் முறிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி இரண்டு கால்களுக்குப் போய்விடும். அந்தப் பாரம் முழுவதும் சக்கரம் தொடுகிற, விரல் நகத்துக்கும் சிறிய இடத்தில் இறங்குகிறது. கீழே கெட்டித் தரை இருந்தால் மேட் அந்த அழுத்தத்தை அப்படியே தரைக்குக் கடத்திவிட்டுச் சும்மா கிடக்கும். கீழே மெத்தென்று ஜமக்காளம் இருந்தால் சக்கரம் போகிற வழியெல்லாம் மேட் ஒரு நூல் அளவு அமுங்கி எழும்பும். நாள் முழுக்க, எட்டு மாதம். பவானிக்காரர்கள் நெய்கிற கெட்டி ஜமக்காளமாக இருந்தாலும் கதை இதுதான். மேட்டின் மேல் குறையில்லை. வழுக்கலுக்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதல் மேட் பிவிசி. கடைகளில் மீட்டர் கணக்கில் சுருளாக வெட்டித் தருகிறார்களே, டைனிங் டேபிளுக்குப் போடுகிற தெளிவான ஷீட், அதன் தடித்த அண்ணன். பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். தண்ணீர்க் குழாயைப் பார்த்தாலே தெரியும். அதை வளைய வைக்க எண்ணெய் மாதிரியான ஒரு திரவத்தைக் கலப்பார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட அது இருக்கும். இந்தத் திரவம் பிளாஸ்டிக்கோடு வேதியியல் கட்டு ஏதும் போட்டுக்கொள்வதில்லை, ஊறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். சூடு ஏறினாலோ, பக்கத்தில் மெழுகு, வார்னிஷ் போன்றவை தொட்டுக்கொண்டிருந்தாலோ மெல்ல வெளியே கசியும். ஏப்ரல், மே மாதத்தில் சேலத்து மதியம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் மேட் இன்னும் இளகும். இரவெல்லாம் நாற்காலி ஒரே இடத்தில் நின்றால் ஐந்து குழி. அடுத்த நாள் சக்கரம் அந்தக் குழியில் விழுந்து எழ மறுக்கும், நீங்கள் காலை ஊன்றித் தள்ளுவீர்கள், குழி இன்னும் ஆழமாகும்.

தரையோடு ஒட்டிக்கொண்டதற்கும் அந்தத் திரவம்தான் காரணம். இதில் எனக்கே ஒரு பழைய பாவம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், குகைப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை புது நாற்காலி வாங்கினான் என்று நானே ஒரு பிவிசி மேட்டை விரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். தீபாவளிக்கு முன்னால்தான் அந்த ரெட் ஆக்சைடு தரைக்கு மெழுகு பாலீஷ் போட்டிருந்தார்கள். மூன்று மாதம் கழித்துத் தூக்கினால், மேட்டோடு சேர்ந்து மினுமினுப்பும் திட்டுத் திட்டாக உரிந்து வந்துவிட்டது. அந்த வீட்டுப் பாட்டி திட்டவில்லை. "மூணு தலைமுறை காலு பட்டு வந்த மினுக்கு சாமி, உன்ற பிளாஸ்டிக்கு மூணு மாசத்துல உரிச்சுப் போட்டுதே" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மெழுகோ தேங்காய் எண்ணெயோ போட்டுத் தேய்க்கும் தரைக்கு நான் பிவிசி தருவதில்லை. ரப்பர் மேட்டும் அப்படித்தான். ஜிம்முக்கு விற்கிற கறுப்பு ரப்பர் மலிவாகத் தெரியும், ஆனால் வினைல் விரிப்பின் மேல் போட்டால் மஞ்சள் கறை விழும், அதை எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நாற்காலிச் சக்கரமும் அதில் புதைந்துவிடும்.

இனி சக்கரம். என்னிடம் மேட் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நாற்காலியைக் கவிழ்த்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்பதுதான். நாற்காலிச் சக்கரத்தில் அடிப்படையாக இரண்டு ரகம். ஐரோப்பியத் தர விதி ஒன்று, இஎன் 12529 என்று பெயர், இரண்டையும் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது: கார்ப்பெட் போன்ற மெத்தென்ற தரைக்குக் கெட்டிச் சக்கரம், டைல்ஸ், சிமெண்ட், மரம் போன்ற கெட்டித் தரைக்கு மிருதுவான மேல்பூச்சு உள்ள சக்கரம். நம் ஊரில் விற்கிற பெரும்பாலான நாற்காலிகளில் வருவது கறுப்பு நைலான் சக்கரம், அதாவது கார்ப்பெட் ரகம். ஏசி போட்டுக் கம்பளம் விரித்த ஆபீசுக்கு ஏற்றதை வாங்கி வந்து சிமெண்ட் தரையில் ஓட்டுகிறோம். சக்கரத்தின் மேல் விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமும் பதியாமல், முழுக்க ஒரே நிறமாக இருந்தால் கெட்டி ரகம். நடுப்பகுதி ஒரு நிறமும் தரையைத் தொடும் வளையம் வேறு நிறமுமாக இருந்து, நகம் இலேசாகப் பதிந்தால் மிருதுவான ரகம்.

இந்த மிருதுவான ரகத்தில், பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சுள்ள சக்கரம் ஐந்து மாற்றினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பெரும்பாலும் ஒரு நல்ல மேட்டின் விலைகூட ஆகாது. பழைய சக்கரத்தைக் கையால் இழுத்தாலே வந்துவிடும், வராவிட்டால் ஸ்குரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்புங்கள். வாங்குவதற்கு முன், சக்கரத்தின் மேல் நீட்டிக்கொண்டு பேஸின் துளைக்குள் செருகுகிற கம்பியை அளந்துகொள்ளுங்கள். 11 மில்லிமீட்டர் விட்டம், 22 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் பரவலான அளவு. சில வெளிநாட்டு நாற்காலிகளில் விட்டம் 10 இருக்கும். 10 இருக்கிற துளையில் 11 போகவே போகாது. 11 துளையில் 10ஐப் போட்டால் ஆடும், பேஸ் விரியும். ஸ்கேட்டிங் சக்கரம் மாதிரி பெரிதாக வருகிறதே, அது இன்னும் சுகமாக உருளும். ஆனால் நாற்காலி ஓர் அங்குலம் போல உயரும், அதற்குத் தக்கபடி ஹைட்ராலிக்கை இறக்கிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டை என்று சொன்னதால் இன்னொன்று. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தறி ஓடுகிறதா? நான் அந்தப் பக்கம் பிரித்துப் பார்த்த நாற்காலிகளில் பாதிக்கு மேல், சக்கரத்தின் அச்சில் நூல் பிசிறு சுற்றிக் கிடக்கும். அதோடு வீட்டுப் பெண்களின் நீளத் தலைமுடியும் சேர்ந்தால் அது கயிறு. ஐந்தில் ஒரு சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாது, மற்ற நான்கும் ஓடுகின்றனவே. பூட்டிய சக்கரம் மட்டும் உளி மாதிரி மேட்டை இழுத்துக்கொண்டே போகும். மேட்டில் ஒரே ஒரு வளைவான ஆழக் கீறல், மற்ற இடமெல்லாம் சுத்தம் என்றால் அது இதன் வேலை. மாதம் ஒருமுறை நாற்காலியைக் கவிழ்த்து, பழைய பிளேடால் நூலை அறுத்து எடுங்கள். எண்ணெய் விடாதீர்கள். தூசி அப்பிக்கொண்டு நிலைமை இன்னும் மோசமாகும்.

சக்கரத்தை மாற்றிவிட்டால் மேட்டே வேண்டாமா என்று கேட்பீர்கள். தரை டைல்ஸாகவோ கிரானைட்டாகவோ இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். விட்ரிஃபைடு டைல்ஸ் போட்ட வீட்டில் மேட் வாங்குவது பல சமயம் வீண் செலவு. ஒரே விதிவிலக்கு, டைல்ஸின் அடியில் கலவை சரியாக நிரப்பாமல் விட்ட இடங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள், "டொக்" என்று பொள்ளலாகக் கேட்கும். அந்த இடத்தில் நாற்காலி போட்டால் என்றைக்காவது டைல்ஸ் விரிசல் விடும், மேட் போட்டாலும் அது கொஞ்சம் தள்ளிப்போகுமே தவிர நிற்காது. மேசையை நகர்த்திவிடுவது நல்லது. மொசைக் தரையில் சலவைக்கல் சில்லுதான் இருக்கிறது, கீறும், ஆனால் மெஷின் வைத்து மறுபடி பாலீஷ் போட்டுக்கொள்ளலாம்.

ரெட் ஆக்சைடு தரைக்கு அந்த வசதி கிடையாது. சிமெண்டோடு இரும்பு ஆக்சைடுப் பொடியைக் கலந்து, மேலே சில மில்லிமீட்டர் மட்டும் கரண்டியால் அழுத்தி இழைத்த தோல் அது. மெஷின் வைத்தால் தோல் போய்விடும். வெடித்தாலோ பெயர்ந்தாலோ அதே சிவப்பில் ஒட்டுப்போட இன்றைக்கு ஆள் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் ஒட்டு தனியாகத் தெரியும். அதைத் தேய்ப்பதில் சக்கரத்தின் பங்கு பாதி. மீதி, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் மணல். ஆற்று மணலிலும் கல்லை உடைத்துச் செய்கிற எம் சாண்டிலும் குவார்ட்ஸ் போன்ற கடினத் துகள்கள் நிறைய. கனிமங்களின் கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, சாதாரணக் கத்தியின் எஃகு ஐந்தரை அளவில், சிமெண்டுத் தோல் அதற்கும் வெகு கீழே. ஒரு மணல் துகள் மிருதுவான சக்கரத்தில் பதிந்துவிட்டால் அது சுற்றிச் சுற்றி வந்து தரையில் கோடு போடும். சொல்லப்போனால் நம் ஊரில் மாமாங்கம், கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கத்தின் தூசியைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுவார்கள், வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிவதால். அந்த வெள்ளைக்கல்லான மேக்னசைட்டின் கடினம் நாலை ஒட்டித்தான். டைல்ஸை அது ஒன்றும் செய்யாது. செருப்போடு உள்ளே வருகிற, கண்ணில் படாத மணல்தான் உண்மையான அரம். ஆகையால் நாளுக்கு எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உருள்கிற உங்கள் விஷயத்தில், ரெட் ஆக்சைடுக்கு மேல் ஏதாவது ஒன்று வேண்டும் என்பதே என் கருத்து.

ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை. இந்த இடத்தில்தான் என்னால் தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. உங்கள் வீடு கீழ்த்தளம், பழையது. அந்தக் காலத்துத் தரைகளுக்கு அடியில் ஈரம் தடுக்கும் ஷீட் பெரும்பாலும் இருக்காது. மண்ணின் ஈரம் மெல்ல மேலே ஏறி, தரை வழியாகவே காற்றில் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. அதன் மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கைப் போட்டு மூடினால் ஈரம் அங்கேயே தங்கும். தரை கறுத்த சிவப்பாகும், ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூக்கும், உப்புப் பூத்த இடத்தில் தோல் பொரியும். இரண்டு அடிக்கு இரண்டு அடி பாலித்தீன் தாளை மேசைக்கு அடியில் விரித்து, நான்கு ஓரத்திலும் புத்தகங்களை வரிசையாக அடுக்கிக் காற்றுப் போகாமல் அழுத்தி, இரண்டு இரவு விட்டுவிடுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பாலீஷ் கையோடு வந்துவிடும். தூக்கும்போது தாளின் அடியில் நீர் முத்துகளோ, தரையில் சதுரமாகக் கருமையோ தெரிந்தால் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் பார்த்தால் இன்னும் நல்லது. கோடையில் காய்ந்து கிடக்கும் தரை அடைமழையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஈரம் இருந்தால், எந்த மேட்டையும் நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் பாலிகார்பனேட், நாலடிக்கு மூன்றடி என்றால் இரண்டரை கிலோ போலத்தான் இருக்கும், குழந்தைகூடத் தூக்கும். அதுவும் முடியாது என்றால் மிருதுவான சக்கரத்தோடு வெறும் தரையில் ஓட்டுங்கள். மினுக்கு கொஞ்சம் மங்கும், ஆனால் மங்கியதை மெழுகு போட்டுத் தேய்த்து மீட்கலாம், பொரிந்ததை மீட்க முடியாது.

ஈரம் இல்லாவிட்டால் இரண்டு வழி. முதலாவது, மறுபடியும் பாலிகார்பனேட்டே. இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல், அடியில் முள் இல்லாததாக. முள் முளைத்தது கார்ப்பெட்டுக்கு. அது உங்கள் தரையைக் குத்தியே நாசம் செய்யும். ஜமக்காளம் இல்லாமல் நேராகத் தரையின் மேல். மேட் என்று பெயர் போட்டு விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கூரைக்கு விற்கிறார்களே, எட்டுக்கு நாலு அடி பாலிகார்பனேட் ஷீட், அதில் உள்ளே கூடு இல்லாத கெட்டி ஷீட்டாகக் கேட்டு வெட்டி வாங்கலாம். கூடு உள்ளது ஒரே நாளில் நசுங்கும். வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து, நான்கு மூலையையும் வட்டமாக்கச் சொல்லுங்கள். விரிசல் ஓரத்துப் பிசிறில்தான் பிறக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா. அக்ரிலிக்கைக் காட்டி இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று சொன்னால் நம்பாதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், சக்கரத்துக்கு அடியில் அக்ரிலிக் அப்பளம். பாலிகார்பனேட் மேலே கீறல் விழும். முதல் மாதமே விழும். அதைக் கண்டு வருந்த வேண்டாம், தரை வாங்க வேண்டிய கீறலை அது வாங்குகிறது. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், தின்னர், அசிட்டோன் இவற்றால் மட்டும் துடைக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் போதும்.

இரண்டாவது வழி கடைக்காரர்கள் சொல்லாதது, எனக்கு அதிகம் பிடித்தது. ஆசாரியிடம் சொல்லி ஒரு பலகை செய்துகொள்வது. ஆறு மில்லிமீட்டர் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் ரகம், மேலே ஒரு மில்லிமீட்டர் மைக்கா, அதாவது லேமினேட் ஷீட், பளபளப்பு இல்லாத ரகம். அடிப்பக்கமும் மைக்கா ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காற்றின் ஈரம் மற்றப் பக்கத்தில் ஏறி இறங்கிப் பலகை வில்லாக வளையும். இதில் பல ஆசாரிகள் செலவு மிச்சம் என்று சிக்கனம் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஓரத்தில் சாய்வாக இழைத்த சன்ன பீடிங், அதாவது மரச் சட்டம். நாலுக்கு நாலு அடி பலகை பத்துக் கிலோ அளவில் வரும். சக்கரம் எந்தப் பிளாஸ்டிக் மேட்டிலும் ஓடாத சுகத்தில் இதில் ஓடும், குழி விழாது, சேலத்து வெயிலில் இளகாது. செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறை முதலாளிக்குச் செய்து கொடுத்தது பதினோரு வருடமாகக் கிடக்கிறது. அவர் கவலை வேறு: தரைத் தூசியைக்கூடக் கூட்டி வைத்து வெள்ளி எடுக்கிற தொழில், மேட்டின் குழியில் தூசி தங்கக் கூடாது என்றார். குறை இரண்டு. கரையான் இருக்கிற கீழ்த்தளத்தில் எந்தப் பிளைவுட்டும் பயமே. அப்புறம், கையால் இழைத்த பழைய தரை சமமாக இருக்காது. மட்டக்கட்டையை வைத்துப் பாருங்கள். இடையில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஒளி தெரிந்தால் பலகை டக் டக் என்று ஆடும், அப்போது பாலிகார்பனேட்டே தேவலை. இந்த மூன்று மில்லிமீட்டர் கணக்கு எந்தப் புத்தகத்திலும் உள்ளதல்ல, என் கை பழகிய கணக்கு.

டெம்பர்ட் கண்ணாடி, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி மேட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டைல்ஸ் தரைக்கு அழகு, குழியே விழாது. ஆனால் எட்டு மில்லிமீட்டரில் நாலடிக்கு மூன்றடி என்றால் இருபது கிலோவுக்கு மேல். மேடு பள்ளமான தரையில், அடியில் ஒரு கல் மாட்டினால் போதும், என்றைக்காவது மேட் முழுவதும் பொடியாகச் சிதறும். உங்கள் தரைக்கு வேண்டாம்.

வழுக்கலுக்கு வருகிறேன். மேட்டின் முன் ஓரத்தை மேசையின் முன்கால்களுக்கு அடியில் கொடுத்துவிடுங்கள். மேசையின் பாரமே பிடித்துக்கொள்ளும். இரு பக்கம் ஒட்டும் டேப், சிலிக்கான் பசை எதுவும் வேண்டாம். வாரம் ஒருமுறை மேட்டைத் தூக்கி, அடியையும் தரையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். அடியில் புகுந்த மணலோடு மேட் நகர்ந்தால் அதுவே தேய்ப்புக்கல். வீட்டைத் துடைக்கிறவர்களிடம் ஈரத் துடைப்பத்தை மேட்டின் ஓரம்வரை கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், தண்ணீர் அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அளவை நாற்காலியை வைத்து முடிவு செய்யுங்கள், கடையில் இருக்கிற அளவை வைத்து வேண்டாம். உட்கார்ந்தபடி மேசைக்கு எவ்வளவு நெருங்குவீர்கள், எழுந்திருக்க எவ்வளவு பின்னால் தள்ளுவீர்கள், பிரிண்டருக்கு எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று ஒரு நாள் வேலை பார்த்துவிட்டு, வெளிச்சக்கரம் போன எல்லைகளில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதற்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் அரை அடி. சக்கரம் ஓரத்தில் ஏறி இறங்குவதுதான் மேட்டுக்கு எமன்.

ஏற்காடு விஷயம் வேறு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம், பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர். பிளைவுட் பலகையை இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. மரத்தரைக்குப் பிவிசி கூடவே கூடாது, வார்னிஷ் பிசுபிசுக்கும். பாலிகார்பனேட்டைப் போடலாம், ஆனால் இரவு தூக்கி வையுங்கள். மரமும் மூச்சு விட வேண்டும், அடியில் ஈரம் தங்கினால் கறுக்கும். மாதக் கணக்கில் எடுக்காமல் விட்டால், சுற்றிலும் வெயில் பட்டு நிறம் மாறி, மேட் இருந்த இடம் மட்டும் வேறு நிறச் செவ்வகமாக நிற்கும். இரண்டு மாதத்தில் அவ்வளவு தெரியாது, மாமாவும் மன்னிப்பார். பாலியூரித்தேன் சக்கரத்தில் சில வகைகளுக்கு நீண்ட நாள் ஈரம் ஆகாது. பழைய ஷூவின் அடிப்பாகம் திடீரென்று மாவாக உதிருமே, அதே நோய். நாற்காலியை அங்கேயே விட்டு வைப்பதானால், அடுத்த வருடம் உட்காருவதற்கு முன் சக்கரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள்.

எனவே இந்த வாரம் செய்ய வேண்டியது: நூலை அறுத்துவிட்டுச் சக்கரத்தை மாற்றுங்கள், பாலித்தீன் தாளை விரியுங்கள். மேட்டுக்குப் பணத்தை எடுப்பது அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்த பிறகு. விரிசல் விட்ட மேட்டைக் குப்பையில் போட வேண்டாம். நல்ல பாகத்தைச் சதுரமாக வெட்டி, தண்ணீர் கேன் ஸ்டாண்டுக்கும் கிரைண்டருக்கும் அடியில் கொடுங்கள், வருடக்கணக்கில் கிடக்கும். ஜமக்காளத்தில் மேட்டின் வெட்டுப் பிசிறு குத்தி இழை அறுந்திருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, துவைத்து மொட்டை மாடியில் காயப் போடுங்கள். அறுந்திருந்தால் அம்மாபேட்டையில் இழை பிடிக்கத் தெரிந்த கைகளுக்கா பஞ்சம்.